உப்பு கொறச்சுப் போடுங்க

17 செப்டம்பர் 2025, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. மீன் சட்டியை அம்மா கழுவிக் கவிழ்த்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். நான் எதுவும் பேசவில்லை. அம்மாவுக்கு டயலிசிஸ் செய்யும் சென்டரின் மிஸ்ஸிக்கு (தாதிக்கு) இன்னும் தெரியாது.

19 செப்டம்பர், வெள்ளி

அம்மாவின் எடை இரண்டே முக்கால் கிலோ ஏறியிருக்கிறது, எல்லாம் உடம்பில் தங்கிய தண்ணீர். "என்னம்மா குடிச்சீங்க?" என்று மிஸ்ஸி கேட்க, அம்மா கூரையைப் பார்த்தார். தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறேன். ரசமும் மோரும் சாம்பாரும் தண்ணீர்தான் என்பதை அம்மா ஒப்புக்கொள்வதே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே உப்பு. உப்பு உள்ளே போனால் தாகம், தாகம் வந்தால் குடிக்காமல் யாரால் இருக்க முடியும்?

டயலிசிஸ் மெஷின் ஓட நாலு மணி நேரம் ஆகும். சுங்கை சிப்புட் பஸ் ஸ்டேசன் பக்கத்து இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் சேர்ந்ததில் உட்கார இடமில்லை. ஹீவுட், டோவன்பி, எல்பில் தோட்டங்களின் பக்கத்துச் சனமெல்லாம் அங்கேதான் இருந்தார்கள் போலிருந்தது. முட்டைக்கோஸ் பிரட்டல், சுரைக்காய்க் கூட்டு, பாகற்காய் வறுவல். பாகற்காயை அத்தனை மெல்லிசாகச் சீவி மொறுமொறுவென்று எடுக்க ஈப்போவில்கூட ஆள் கிடையாது. இரண்டாம் முறை சோறு வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது அம்மாவின் கையில் இரண்டு ஊசி குத்தியிருப்பது நினைவு வந்தது. அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்குத் தாப்பாவ் (பொட்டலம்) கேட்டேன். "உப்பு கொறச்சுப் போடுங்கக்கா." கடைக்கார அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "குழம்பு காலையிலேயே கொதிச்சிருச்சு கண்ணு. இனிமே உப்ப எங்க போயி எடுக்கறது? உனக்குப் பொய் சொல்லிக் குடுக்க மாட்டேன்." யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். காயை நறுக்கி வெந்நீரில் போட்டு, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தாளிக்க வேண்டும், அம்மாவுக்கு ஆகாத பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும் என்றும் சொன்னேன். அந்தக் கூட்ட நேரத்தில் தனிச் சட்டி வைத்து, கோஸை அப்படியே வேகவைத்து வடித்து, கடுகும் காய்ந்த மிளகாயும் மட்டும் தாளித்துக் கொடுத்தார். அதற்குத் தனிக்காசு வாங்கவில்லை.

அம்மா அதில் பாதிதான் சாப்பிட்டார். "ருசியே இல்ல" என்றார்.

20 செப்டம்பர், சனி

பெருமாள் கோயிலில் சுண்டல். கடலை கூடாது. அம்மா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார், பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

22 செப்டம்பர், திங்கள்

சென்டர் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை இன்றுதான் முழுதாகப் படித்தேன். 2023 ஆய்வின்படி மலேசியாவில் வளர்ந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். அதற்குப் பிறகு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் போய் உட்கார்ந்தால் மேசை மேசையாக எண்ணத் தோன்றுகிறது. பக்கத்து மேசைத் தாத்தா தே தாரிக்கில் (நுரை பொங்க ஆற்றிய தேநீரில்) இன்னொரு கரண்டி இனிப்பு டின்பால் ஊற்றச் சொன்னார். எழுந்து போய் அவர் கையைப் பிடிக்கலாமா என்று வந்தது. அப்பாவும் அப்படித்தான் குடிப்பார்.

24 செப்டம்பர், புதன்

ரத்தப் புரதமான ஆல்புமின் 31. முப்பத்தைந்துக்கு மேலே இருக்க வேண்டும் என்கிறார்கள். மெஷின் ரத்தத்தைக் கழுவும்போது சத்தும் கொஞ்சம் வெளியே போகிறதாம், அதனால் மற்றவர்களைவிட இவர்கள் அதிகமாகப் புரதம் சாப்பிட வேண்டும். "முட்டை வெள்ளை குடுங்க, மீன் குடுங்க" என்றார் மிஸ்ஸி. புரட்டாசி என்றேன். அவரும் தமிழ்ப் பெண்தான். பேனாவை மூடிவிட்டு, "அப்ப தவ்ஃபூ" என்றார். சோயாப்பால் கட்டிதான் அது.

அதற்காகச் சீனர் சைவக் கடைக்குப் போனேன். புரட்டாசி மாதத்தில் அந்தக் கடையில் பாதி மேசை நம் ஆட்கள். பொய்மீன் வைத்திருக்கிறார்கள், தோலுக்குக் கடற்பாசியை ஒட்டி. பொய் ஆட்டிறைச்சிக் கறி, பொய்க் கோழி. வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை, ஆனாலும் வாசம் தூக்குகிறது. ஒரு துண்டு வாயில் வைத்தேன். உப்பு. நாக்கைச் சுட்டது. இப்படிப் பதப்படுத்திய எதிலும் உப்போடு பாஸ்பேட்டும் சேர்ந்தே வரும், அம்மாவுக்கு அதுவும் ஆகாது. வெறும் தவ்ஃபூ இரண்டு கட்டி, அவித்தது, மேலே எதுவும் ஊற்றாமல் வாங்கினேன். கல்லாவில் இருந்த ஆண்டி, "சோஸ் இல்லாம எப்பிடி சாப்புடும்?" என்று மலாயில் கேட்டார். சாப்பிடத்தான் இல்லை. "வாயில வழவழங்குது" என்று அம்மா தட்டைத் தள்ளிவிட்டார்.

அப்புறம், கேட்காமலேயே சீன நூடல்ஸ் பேச்சை எடுத்தார்: "வந்தான் மீ சாப்புடணும்போல இருக்கு. சம்பளத்தன்னிக்கு உங்கப்பா வாங்கிட்டு வருவாரே, அந்தப் பச்ச மிளகாயோட."

26 செப்டம்பர், வெள்ளி

இன்றும் அம்மாவுக்கு அதே பேச்சு, இறைச்சிக் கொழுக்கட்டை போட்ட வந்தான் மீ.

30 செப்டம்பர், செவ்வாய்

இன்று முதல் மானியப் பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்). எண்ணெய்க் கடையில் வரிசை. ஈப்போவில் உப்பில்லாத கிச்சாப் (சோயா சாஸ்) விற்கிறார்களாம், போய்ப் பார்க்க வேண்டும். லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது. சோடியத்தை எடுத்துவிட்டுப் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். அது இன்னும் மோசம்.

1 அக்டோபர், புதன்

சரஸ்வதி பூஜை. அம்மாவின் மருந்துப் புத்தகத்தையும் சேர்த்துப் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

3 அக்டோபர், வெள்ளி

இன்றைக்கு எனக்குக் கோபம். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டேன், சீனியோடு வந்தது. அது பெரிய விஷயம் இல்லை, மாற்றிக் கேட்டேன். அதற்குக் கடை முதலாளி அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் கத்தினார். பையன் புதிது, வங்காளதேசத்துக்காரன், இருபது வயதுகூட இருக்காது. மலாய் இன்னும் பிடிபடவில்லை. காலையிலிருந்து எத்தனை மேசை துடைத்தானோ. நான் எழுந்து நின்று, "பரவால்ல அண்ணே, நான் குடிக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார். ரொட்டி தெலூர் (முட்டை ரொட்டி) விலை ஏறியிருக்கிறது. ஆகஸ்டு 1 தொடங்கி முட்டைக்கு உதவித்தொகை இல்லை, ஏறத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆள் மேல் கத்துவதற்கு எந்த முட்டையும் காரணம் இல்லை. இனி அங்கே போக மாட்டேன்.

அம்மாவுக்கு இன்று கால் பிடிப்பு. கடைசி அரை மணியில் ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கண் செருகியதைப் பார்த்தேன். மிஸ்ஸி கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினார். அதற்கு மேல் எழுத வரவில்லை.

6 அக்டோபர், திங்கள்

சீனர்களுக்கு மூன் கேக் திருநாள். பெரிய ரோட்டுக் கோப்பிக் கடையின் ஓரத்தில் வந்தான் மீ போடும் சீன அங்கிளிடம் இன்று உட்கார்ந்து பேசினேன். அவர் தமிழ் நம்மில் பலர் பேசும் தமிழைவிடச் சுத்தம். அவர் அப்பா லிந்தாங் போகிற பாதையில் மளிகைக் கடை வைத்திருந்தவர், தோட்டத்துச் சனத்துக்குப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுத்தவர். 1948 ஜூன் மாதம் எல்பில் தோட்டத்தில் வெள்ளைக்கார துரையைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், அவசரகாலம் வந்தது. அதற்குப் பிறகு சாமான் விற்பதில் இருந்த கெடுபிடியை அவர் அப்பா சொல்லிச் சொல்லி இவருக்கு மனப்பாடம். டின்பாலோ சார்டினோ, விற்கும்போதே கடைக்காரர் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரக் கூடாதாம். "ஓட்ட போட்ட பாலு எத்தன நாளு தாங்கும் சொல்லு? கைப்புள்ளக்காரி அழுவா. எங்கப்பா சின்ன ஓட்டயா போடுவாரு" என்றார். இதைச் சொல்லும்போது நூடல்ஸ் உதறுகிற கை நிற்கவில்லை.

நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். வந்தான் மீயில் உப்பு எங்கே எங்கே இருக்கிறது என்று அவரே விரல் விட்டார். மஞ்சள் மீயில் சேர்க்கும் காரத் தண்ணீரில், கறுப்புக் கிச்சாப்பில், சூப்பில், பச்சை மிளகாய் ஊறுகாயில், சார் சியூவில், அந்தச் சிவப்புப் பன்றியிறைச்சியில். "சூப்பு வேணாம். மீய ரெண்டு தடவ வேற வேற தண்ணில போட்டு எடுக்கறேன். கிச்சாப்பு ஒரு சின்னக் கரண்டி, வாசத்துக்கு. மிளகாய உப்பில்லாத சுக்காவில, வினிகர்ல, ஊறப் போடறேன், ரெண்டு நாளு முன்னாடி சொல்லு." கீரையையும் இரண்டு முறை கொதிக்கவிட்டு வடிப்பாராம். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசி முடியட்டும் அங்கிள் என்றேன். "தெரியும், தெரியும். உங்க ஆளுங்க இந்த மாசம் என் பக்கமே வர்றதில்ல."

10 அக்டோபர், வெள்ளி

கோப்பிக் கடை டிவியில் பட்ஜெட். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். எந்த மேசையிலும் பேச்சு முட்டை விலைதான். அங்கிள் தூரத்திலிருந்தே கையால் கேட்டார்: அம்மா எப்போது?

13 அக்டோபர், திங்கள்

அடுத்த திங்கள் தீபாவளி. சென்டர் மூடல். எங்கள் முறையை ஞாயிறுக்கு மாற்றியிருக்கிறார்கள். அப்படியானால் ஞாயிறு முடிந்து புதன் வரைக்கும் மெஷின் இல்லை, நடுவில் தீபாவளி. முறுக்கு, பக்கோடா, ஆட்டிறைச்சி, வருகிறவர்களோடு உட்கார்ந்து குடிக்கிற தண்ணீர். இரவு முழுக்க இதே கணக்கு. யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவும் மனம் இல்லை. போன வருஷம் வந்த பெரியம்மா இந்த வருஷம் இல்லை.

15 அக்டோபர், புதன்

ஆல்புமின் 30. இன்று சண்டை. இன்னும் இரண்டு நாள்தானே, முட்டை வெள்ளை மட்டும் சாப்பிடுங்கள், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அம்மா அமைதியாகச் சொன்னார்: "அவரு கோச்சுக்குவாருன்னு நான் இருக்கல. தண்ணி நீ குடுக்கறதுதான் குடிக்கிறேன். சோறு மிஸ்ஸி சொல்றதுதான் திங்கிறேன். இது ஒண்ணயாச்சும் என்கிட்ட விடு."

விட்டுவிட்டேன்.

18 அக்டோபர், சனி

மீன் வாங்கி வந்தேன். அம்மா சட்டியை இறக்கவில்லை. வாய் கசக்கிறதாம்.

19 அக்டோபர், ஞாயிறு

காலையிலேயே சென்டர். டவுன் முழுக்கத் தீபாவளிக் கூட்டம், கார் நிறுத்த இடமில்லை. இலைச் சாப்பாட்டுக் கடையில் மதியத்தோடு மூடுகிறார்கள், சமையல்காரர் ஊருக்குப் போகிறார். அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு சின்ன டப்பா கொண்டு வந்தார். உப்பு போடாத முறுக்கு, அம்மாவுக்கென்று தனியாகப் பிழிந்ததாம். "எள்ளுகூட போடல, அதுவும் கூடாதுன்னாங்க" என்றார். யாரிடம் கேட்டாரோ. வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை, தொண்டை அடைத்துவிட்டது.

அங்கிளிடம் ஓடினேன். புரட்டாசி முடிந்தது, புதன்கிழமை கூட்டி வருகிறேன் என்று சொல்ல. அவர் கடைக் கூரையில் மஞ்சள் கொடி கட்டிக்கொண்டிருந்தார். சீனர்களின் ஒன்பது பேரரசர் திருநாளாம், 21 தொடங்கி 29 வரை சைவம். அதுவரைக்கும் சார் சியூ கிடையாது, வந்தானும் கிடையாது. என் முகம் போன போக்கைப் பார்த்து ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "மீ இருக்கு. காளான் இருக்கு. தவ்ஃபூத் தோல வறுத்துப் போடறேன், சார் சியூ மாதிரி சிவப்பா வரும். மிளகாய் ஊற வச்சாச்சு. நீ கூட்டிட்டு வா."

தவ்ஃபூ என்று அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. அம்மா புதுச் சேலை கட்டினார். ஊசிக் கையை முந்தானையால் மூடிக்கொண்டார். இறைச்சி இரண்டு துண்டு, குழம்பை ஒதுக்கி. அக்கா கொடுத்த முறுக்கை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார், யாருக்கும் கொடுக்கவில்லை.

21 அக்டோபர், செவ்வாய்

இரவில் மூச்சு வாங்குகிறது. தலையணை மூன்று வைத்துச் சாய்த்திருக்கிறேன். விடியட்டும்.

22 அக்டோபர், புதன்

மூன்றரைக் கிலோ. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க முடியாது, வெள்ளிக்கிழமை மிச்சத்தைப் பார்க்கலாம் என்றார் மிஸ்ஸி. இறங்கும்போது அம்மாவுக்கு நடக்கத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். "சீனன் கடைக்குப் போகலாம்னியே" என்றார்.

அங்கிள் மேசையைத் துடைத்து, காற்றாடியைத் திருப்பி வைத்தார். எந்தத் தோட்டம் என்று அம்மாவைக் கேட்டார். ஹீவுட் என்றதும் அந்தக் காலத்துத் தோட்டக் கிராணி (கணக்கர்) ஒருவரின் பட்டப்பெயரைச் சொல்ல, அம்மா சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. ரப்பர் பால் வெட்டு நேரம், செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த காலம், கடன் புத்தகம் என்று இரண்டு பேரும் போய்க்கொண்டே இருந்தார்கள். மீ வந்தது. உலர்ந்த மீ, மேலே சிவப்பாகத் தோல், ஓரத்தில் பச்சை மிளகாய். சூப்புக் கிண்ணம் இல்லை.

அம்மா முதல் வாயைச் சாப்பிட்டு, "உப்பே இல்ல" என்றார்.

"உங்க மக போடவிடல" என்றார் அங்கிள்.

இன்னொரு மிளகாய் கேட்டார் அம்மா. தட்டில் முக்கால்வாசி காலி. தோல் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அது என்ன என்று கேட்டார். அங்கிள் என்னைப் பார்த்தார், நான் காளான் பக்கம் பார்த்தேன். காசு வாங்க மறுத்தார். அம்மா விடவில்லை, மடியிலிருந்து ஆறு வெள்ளியை எடுத்து மேசையில் அழுத்தி வைத்தார். "எங்க வீட்டுக்காரரு உங்க ரோட்டுக் கடைங்கள்ல கடன் வச்சவரு. நான் வைக்க மாட்டேன்."

24 அக்டோபர், வெள்ளி

ரத்தம் எடுத்திருக்கிறார்கள். புதன்கிழமைதான் தெரியும். அம்மா இன்றைக்கும் அங்கேயே போகணும் என்கிறார். அங்கிள் கோயில் வேலையாகக் கடை திறக்கவில்லை. பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அவர்கள் மீயை ஒரு தண்ணீரில்தான் போடுவார்கள்