சூரியன் மறையும் கடைசி நொடியில் எப்போதாவது தெரியும் பச்சை ஒளி கிடைத்துவிட்டது!

மூன்று வருஷமாக மொரிஷியஸின் அல்பியோன் கலங்கரை விளக்கத்துப் பாறை மேல் நின்று காத்திருந்தது நேற்று மாலை கைகூடியது.

மேற்கே துண்டு மேகம்கூட இல்லை. கடலும் வானமும் சேரும் இடம் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தது. கடைசி விளிம்பு வரும்வரை நான் சூரியனைப் பார்க்கவே இல்லை. முன்னாலேயே உற்றுப் பார்த்தால் கண்ணுக்குக் கெடுதி, அந்த நொடியில் நிறமும் தெரியாது. "அக்கா, இப்போ!" என்று தம்பி கத்தினான். நகக்கீற்று அளவு மிச்சமிருந்த ஆரஞ்சு மஞ்சளாகி, சட்டென்று பச்சை. ஈரம் காயாத வாழைக்குருத்தின் பச்சை. ஒரு நொடிதான் இருந்திருக்கும்.

காற்று மண்டலம் முப்பட்டகம் மாதிரி ஒளியை வளைத்துப் பிரிக்கிறது. சிவப்பு முதலில் அடிவானத்துக்குக் கீழே போய்விடும், நீலம் காற்றிலேயே சிதறிவிடும், கடைசியாக மிஞ்சுவது பச்சை.

400 மி.மீ. லென்ஸில் விடாமல் எடுத்த 38 படங்களில் மூன்றில் மட்டும் விழுந்திருக்கிறது. இரண்டாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள், நிறம் துளியும் கூட்டவில்லை. அம்மாவிடம் காட்டினேன். "முருகா!" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் கேமராவைத் திருப்பித் தரவே இல்லை.