கச்சால் ஓட்டு

ஏப்ரல் 11, 2024
நிக்கோபாரின் கச்சால் தீவுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தும் பயனில்லை. டாக்டர் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து விடமாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 14
மூச்சிரைப்பைவிட ஓட்டுதான் அப்பாவுக்குக் கவலை. வாக்காளர் பட்டியலில் பெயர் கச்சாலில், ஆள் போர்ட் பிளேரில். "போன தடவை 1,407 ஓட்டுதானே வித்தியாசம்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடமும் சொல்கிறார். 2019-இல் காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மா ஜெயித்த கணக்கு. அந்தமான் நிக்கோபாரில் வடக்கே டிக்லிபூரிலிருந்து தெற்கே கேம்பல் பே வரை அத்தனை தீவுக்கும் ஒரே எம்.பி. சட்டசபை கிடையாது, எம்.எல்.ஏ. கிடையாது. அவர் பிடிவாதத்தைத் தப்பு சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 17
இரவெல்லாம் இருமல்.

ஏப்ரல் 19
என் ஓட்டு இங்கேதான். காலையிலேயே போட்டுவிட்டு வந்தேன். அப்பா என் விரல் மையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம்தான் வாய் திறந்தார். இலங்கை மலையகத் தோட்டத்தில் அவர் பெற்றோருக்கு ஓட்டே இல்லை. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் கொடுத்து, மண்டபம் முகாம் வந்து, அப்புறம் கச்சால் ரப்பர் தோட்டம். முதல் ஓட்டு அங்கேதான் போட்டார். சுனாமியில் அட்டை போனது, வேறு வாங்கினார். ஒரு தேர்தலையும் விட்டதில்லை.

ஏப்ரல் 21
கிரேட் நிக்கோபாரில் ஷோம்பென் பழங்குடி மக்கள் 7 பேர் முதல்முறையாக ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். வாசித்துக் காட்டினேன். "காட்டிலிருந்து எவ்வளவு தூரம் நடந்தாங்களோ" என்றார்.

மே 8
வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. படி ஏறவே அரை மணி நேரம்.

மே 27
தூக்கமில்லை. தோட்டத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது? அது பழங்குடிகளுக்கு ஒதுக்கிய நிலம், எங்களால் ஒரு அடி வாங்க முடியாது. நிக்கோபாரிகளிடமிருந்து எடுத்துக் கொடு என்று கேட்பதும் நியாயமில்லை. இங்கே போர்ட் பிளேரில் வாடகை கட்டி மாளாது. ஐம்பது வருஷம் பால் வெட்டிய குடும்பங்களுக்கு எங்காவது ஒரு மனை, எந்தக் கட்சிக்காரரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அந்த ஓட்டுதான் இருந்தது.

ஜூன் 4
ஓட்டு எண்ணிக்கை முடிந்தது. பா.ஜ.க.வின் பிஷ்ணு பத ராய் 1,02,436. சர்மா 78,040. வித்தியாசம் 24,396. சொல்லத் தயங்கினேன்.
"கச்சால்ல எத்தனை?"
"பூத் கணக்கு இன்னும் வரலைப்பா."
"வந்ததும் சொல்லு."

ஜூன் 6
திரும்பக் காய்ச்சல். கச்சால் கப்பல் எப்போது என்று விசாரிக்கச் சொன்னார். மழை, கடல் மோசம். நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.