கைக்கு அடங்கும் பிடி

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்குப் புதிய மண்வெட்டிக் காம்பு வந்தால், அப்பா அதை அப்படியே வயலுக்கு எடுத்துச் செல்ல மாட்டார். திண்ணையில் அமர்ந்து, உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி, கைக்குள் அடங்கும்வரை பிடித்துப் பிடித்துப் பார்ப்பார். கடையில் தந்த பிடியோடே, மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷை ஓராண்டு ஆடிய பிறகுதான் அந்த வழக்கம் என் நினைவுக்கு வந்தது.

டென்னிஸ் மட்டையைப் பிடியின் சுற்றளவு பார்த்து வாங்கலாம். ஸ்குவாஷ் மட்டைகள் பெரும்பாலும் ஒரே அளவுப் பிடியுடன்தான் வருகின்றன. என் கை பெரியது. பிடி மெலிதாக இருந்ததால், பந்து படும்போது மட்டை கைக்குள் சுழன்றுவிடாதிருக்க, என்னையறியாமலே அதை இறுக்கியிருக்கிறேன். ஞாயிறுதோறும் ஓசூரில் ஆடிவிட்டுப் பேருந்தில் திரும்புகையில் முன்கை கல்லாகக் கிடக்கும்.

முதலில், பழைய பிடியின் மேலேயே ஓவர்கிரிப் எனும் மெல்லிய நாடாக்கள் மூன்றைச் சுற்றினேன். வலி குறைந்தது, ஆனால் ஆட்டம் கெட்டது. பிடியின் விளிம்புகள்தான் மட்டையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கண்ணின் துணையின்றி விரல்களுக்குச் சொல்பவை. அவை மழுங்கி, பிடி உருளையாகிவிட்டதால், எளிய வாலிகள்கூட, அதாவது பந்து தரையில் படுமுன் அடிக்கும் அடிகள்கூட, பட்டால் தவறாகிவிடும் முன்சுவரின் அடித்தகரத்தில் போய் மோதின.

ஆகவே எல்லாவற்றையும் உரித்துவிட்டு, ஒட்டியிருந்த பசையைத் துடைத்து, வெறும் காம்பிலிருந்து தொடங்கினேன். அகலமான இரு பக்கங்களில் மட்டும் துணி பிளாஸ்டரை நீளவாக்கில் ஒட்டி, விளிம்புகளைத் தொடாமல் விட்டேன். அதன்மேல் துளையிட்ட புதிய கிரிப் பட்டையை, கூர்முனையை அடியில் வைத்து, ஒரே இழுவிசையில், ஒவ்வொரு சுற்றும் முந்தியதன்மேல் 2 மி.மீ. ஏறும்படி சுற்றினேன். ஆள்காட்டி விரல் மற்ற விரல்களிலிருந்து சற்று விலகி மேலே அமரும் இடத்தில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று கூடுதலாக ஏற்றினேன். அந்தச் சிறு மேடு விரலுக்கு ஓர் இருக்கை. வியர்வையை நன்றாக உறிஞ்சும் துண்டுத்துணிக் கிரிப்பையும் யோசித்தேன். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அது விரைவில் ஊறிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

எடையையும் கவனிக்க வேண்டும். மட்டையில் அச்சிட்டிருக்கும் 125 கிராம் போன்ற எண் பெரும்பாலும் நரம்பும் கிரிப்பும் இல்லாத சட்டத்தின் எடை மட்டுமே. விதி 255 கிராம் வரை அனுமதிப்பதால் அந்தப் பக்கம் அச்சமில்லை. ஆனால் பிடியில் கூடும் எடை சமநிலைப் புள்ளியைக் கையை நோக்கி இழுத்துவிடும். சமையலறைத் தராசில் 8 கிராம் கூடியிருந்தது. விரல்மேல் நிறுத்திப் பார்த்தபோது புள்ளி ஏறத்தாழ 1 செ.மீ. இறங்கியிருந்தது. தலைப்பகுதி இலேசானதால் வாலி சுறுசுறுப்பானது. பின்சுவர்வரை பந்தை அனுப்ப மட்டும் வீச்சை நீட்ட வேண்டியிருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். மட்டையை என்னையே பிடிக்கச் சொல்லி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சுண்டு விரலுக்கு இடம் பத்தலையேப்பா" என்றார். அன்றிரவே கிரிப்பைப் பிரித்து, பிளாஸ்டரின் அடிமுனையில் ஒரு விரல் அகலம் வெட்டி எடுத்துவிட்டு, மறுபடியும் சுற்றினேன்.