2 பஸ், 84 பேர், 7 கோயில்

எங்கள் ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். ஊரில் திருவாசகம் முற்றோதல் குழு ஒன்று பல வருடமாக நடக்கிறது. கொங்கு நாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழையும் ஒரே பயணத்தில் கும்பிட்டு வரவேண்டும் என்பது குழுவில் இருக்கும் பெரியவர்களுடைய ரொம்ப நாள் ஆசை. போன மாசியில் 2 பஸ் பிடித்து, 84 பேராக, திருமுருகன்பூண்டி, அவிநாசி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாக்கூடல் என்று இரண்டு நாளில் போய்வந்தோம். பாதிக்கு மேல் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். வண்டி எங்கே நிற்கும், ஆட்கள் எங்கே ஏறி எங்கே இறங்குவார்கள் என்பது என் பொறுப்பு. குலதெய்வக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ பஸ் பிடிக்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

இந்தப் பொறுப்பை நானாகத்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு இதே மாதிரி பஸ்ஸில் போனோம். மண்டபம் ரோட்டுக்கு வலப்பக்கம். நம் பஸ்களுக்குக் கதவு இடப்பக்கம். அதனால் இறங்கினவர்கள் எல்லோரும் வண்டிக்கு முன்னால் சுற்றிக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. என் பெரியத்தை வண்டியின் மறைவிலிருந்து ரோட்டில் கால் வைத்த அதே நேரம், பஸ்ஸை முந்திக்கொண்டு ஒரு பைக் வந்தது. பைக் ஓட்டினவர் கண்ணுக்கு அத்தை தெரியவில்லை, அத்தை கண்ணுக்கு அவர் தெரியவில்லை. பிரேக் அடித்துச் சறுக்கி விழுந்தார். அத்தைக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. நடு ரோட்டில் கிடந்த அத்தையின் ஒற்றைச் செருப்பை எடுக்கப் போனபோது என் கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை.

ஆகவே இந்த முறை நான் முதலில் எழுதிக்கொண்டது ஒரே கேள்வியைத்தான்: கதவு திறந்தால் காலடியில் என்ன இருக்கும்? வண்டியை நிறுத்த இடம் இருக்கிறதா என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். வண்டி நிற்கிற இடமும் ஆள் இறங்குகிற இடமும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. வாசலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று இறக்கிவிட்டு, அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய் வண்டி நிழலில் நிற்கலாம். அந்த ஐந்து நிமிடத்துக்கு வாசல் இடக்கைப் பக்கம் வரவேண்டும். அதற்காக இரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்தாலும் பரவாயில்லை.

பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் மூத்த ஓட்டுநரைக் காரில் கூட்டிக்கொண்டு ஏழு ஊருக்கும் போனேன். பஸ் எந்த நேரத்துக்குப் போய்ச் சேருமோ அதே நேரத்துக்கு. காலை ஆறு மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கிற தெரு பத்து மணிக்கு வேறு தெருவாகிவிடுகிறது. கையில் அளவு டேப். பஸ் நாற்பது அடி நீளம், அகலம் எட்டரை அடி. இவ்வளவு நீள வண்டி ஒரே வீச்சில் முழுசாகத் திரும்ப வேண்டுமானால் ஏறக்குறைய எண்பது அடி இடம் கேட்கும் என்றார் ஓட்டுநர். நான் பார்த்து வைத்திருந்த ஒரு சந்தைக் காட்டியதும் தலையை ஆட்டினார். "அக்கா, உள்ள உட்றது பெருசில்லீங்க. திருப்பி வெளிய எடுக்கோணுமுங்க." அன்றைக்கே மூன்று இடங்களை மாற்றினோம். கூகுள் மேப்பில் அந்தச் சந்து நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் தாழத் தொங்குகிற கேபிள் ஒயரும், ரோட்டுக்குள் நீட்டிய கடைக் கூரையும் மேப்பில் தெரியாது.

நாள் பார்த்ததையும் சொல்ல வேண்டும். அமாவாசையன்று பவானி கூடுதுறைக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்தில் பஸ்ஸைக் கொண்டுபோக முடியாது. வளர்பிறை முகூர்த்த நாளென்றால் வழியெல்லாம் மண்டபம், மண்டபம் முன்னாலெல்லாம் வண்டி. காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, சிவராத்திரி கழிந்து முகூர்த்தமில்லாத ஒரு செவ்வாயும் புதனும் எடுத்தோம். செவ்வாய்க்கிழமை கிளம்புவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். முருகன் சிவனைப் பூசித்த திருமுருகன்பூண்டிக்குத்தானே முதலில் போகிறோம், முருகனுக்கு உகந்த கிழமைதானே என்றதும் சரி என்றார்கள்.

ஊரிலேயே ஏறுகிற இடம்தான் பெரிய வாக்குவாதம். ஏழு இடத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருப்பவர்கள் நேரமே இருட்டில் எப்படி வருவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் ஓரிடத்துக்கு எட்டு நிமிடம் என்றாலும் ஊரைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். பள்ளிக்கூட மைதானம், மாரியம்மன் கோயில் திடல் என்று இரண்டே இடம் வைத்து, தோட்டத்துக்காரர்களை அழைத்துவர நான்கு பேர் காரை ஒப்புக்கொடுத்தார்கள். ஏறுகிறவர்கள் பெயர், வயது எழுதிய பட்டியல் ஒவ்வொரு வண்டியிலும் இருந்தது. சுற்றுலா பர்மிட் வண்டிக்கு அது எப்படியும் வேண்டும். வழியில் பட்டியலில் இல்லாத ஆளை ஏற்றக்கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிட்டோம், "அவிநாசியில எங்க மச்சாண்டார் ஏறிக்குவாரு" என்ற பேச்சு வராமல் இருக்க.

இரண்டு வண்டியும் வெள்ளை நிறம். முன் கண்ணாடியில் ஒன்றுக்கு மஞ்சள் துணியும் மற்றதற்குச் சிவப்புத் துணியும் கட்டி, அவரவர் பைக்கும் அதே நிறத்தில் ஒரு முடிச்சு போட்டோம். எழுத்துப் படிக்கத் தெரியாத ஆத்தாமாருக்கும் தங்கள் வண்டி எது என்பதில் சந்தேகம் இல்லை.

திருமுருகன்பூண்டியில் இறங்கி ஏற முதல் தடவை பதினான்கு நிமிடம் ஆனது. காரணத்தை உள்ளே நின்று பார்த்தேன். முன்சீட்டுக்காரர்கள் முதலில் ஏறி, நடைபாதையில் நின்று பையை மேலே வைக்க, பின்னால் எல்லோரும் படியில் நிற்கிறார்கள். அவிநாசியிலிருந்து மாற்றினோம். கடைசி வரிசைக்காரர்கள் முதலில். முன்சீட்டில் உட்கார வேண்டிய பெரியவர்கள் கடைசியில்; அதுவரை நிழலில் உட்கார்ந்திருக்கட்டும். எட்டு நிமிடத்துக்கு வந்துவிட்டது. டிக்கியையும் இடப்பக்கம் மட்டும்தான் திறக்கச் சொன்னேன், ரோட்டுப் பக்கம் யாரும் போய் நிற்கக்கூடாது.

அவிநாசியில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கும்போது ஒரு தப்பு நடந்தது. தலை எண்ணினோம், மொத்தம் 84, சரி. ஆனால் மஞ்சள் வண்டியில் 43, சிவப்பில் 41. சிவப்பு வண்டிக்காரர் ஒருவர் தங்கையோடு பேசிக்கொண்டே மஞ்சள் வண்டியில் ஏறிவிட்டார், அவருடைய மாத்திரைப் பை சிவப்பு வண்டியில். பெருந்துறை தாண்டித்தான் தெரிந்தது. அதற்கப்புறம் தலை எண்ணுவதோடு, "பக்கத்து சீட் வந்தாச்சுங்களா?" என்று ஜோடி ஜோடியாகக் கேட்க ஆரம்பித்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை யாரும் மறப்பதில்லை.

பவானியில் நாங்கள் குறித்து வைத்த இடத்தில் ஒரு லாரி சரக்கு இறக்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது இடம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்ததால் பிழைத்தோம். அங்கிருந்து கோயில் வாசலுக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். முடியாதவர்கள் பதினொரு பேரை ஆட்டோவில் அனுப்பினோம். முன்கூட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆட்டோக்காரர் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டது அங்கே உதவியது. கும்பிட்டு வெளியே வர நான் போட்டிருந்த கணக்கு ஒன்றே கால் மணி நேரம். ஆனால் கலெக்டர் வில்லியம் காரோ 1804-ல் அம்மனுக்குக் கொடுத்த தந்தக் கட்டிலின் கதையைக் கேட்டுவிட்டு யாரும் நகர்வதாக இல்லை. இருபது நிமிடம் தாமதம். ஓட்டுநருக்குப் போன் செய்து, நான் சொன்ன பிறகே வண்டியை எடுக்கச் சொன்னேன். ஆட்கள் வந்து நின்ற பின்தான் வண்டி வரவேண்டும். வண்டி வந்து காத்துக்கிடந்தால் பின்னால் வருகிற டவுன் பஸ் ஹாரன் அடிக்கும், பதற்றத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள்.

மதியம் நடை சாத்தியிருக்கிற நேரம் ஓட்டுநர்கள் தூங்குவதற்கு. இதை நான் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு என்றது. விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்தவர் அவர். வெயிலில் கொதிக்கிற வண்டிக்குள் அவரைப் படுக்க வைத்துவிட்டு நாம் மண்டபத்தில் அரிசிம்பருப்பு சாதம் சாப்பிட்டுச் சாய்வது எந்த நியாயத்தில் சேர்த்தி? வேப்பமரமும் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தினோம். இரவு ஈரோட்டில் தங்கிய மண்டபத்திலும் முதலில் கேட்டது ஓட்டுநர்களுக்குத் தனி அறை உண்டா என்பதைத்தான்.

திருச்செங்கோட்டில் மலைமேல் வரை ரோடு போகிறது. ஆனாலும் கொண்டை ஊசி வளைவுகளில் இவ்வளவு நீள வண்டியை, இவ்வளவு வயசாளிகளோடு ஏற்ற ஓட்டுநருக்கு மனம் ஒப்பவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான். அடிவாரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டு வேன்களில் நடை நடையாக ஏற்றினோம். ஒவ்வொரு நடையிலும் குழுவில் ஒருவர் கூடவே போய் மேலே நின்றார்.

மறுநாள் கொடுமுடி. வண்டியின் சக்கரம் தார் மேலே, ஆட்கள் நிற்பது பள்ளமான மண் ஓரத்தில். முதல் படி சாதாரணமாகத் தரையிலிருந்து பதினாறு அங்குலம். அங்கே இரண்டடிக்கு வந்துவிட்டது. பெரியத்தை கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினார். "இது நம்மளால ஆகாது கண்ணு." வண்டியை இரண்டு வண்டி நீளம் முன்னால் எடுத்து, தரை சமமாக இருந்த இடத்தில் நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன எட்டு அங்குல உயர மர முக்காலியைப் போட்டேன். கிளீனர் தம்பி குந்தவைத்து உட்கார்ந்து அதை ஆடாமல் பிடித்துக்கொண்டார். அத்தை அவர் தோளில் கை வைத்து, முக்காலியில் ஒரு கால், படியில் ஒரு கால் என்று ஏறினார். அவருக்குப் பின்னால் பத்தொன்பது பேர் அப்படியே ஏறினார்கள். அந்தத் தம்பி கடைசி ஆள் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

கரூரில் சிரமம் ஒன்றும் இல்லை. காலை நேரத்தில் இறக்கிவிட்டு ஊருக்கு வெளியே நின்ற வண்டிகள் சொன்ன நேரத்துக்கு வந்தன. மாலையில் வெஞ்சமாக்கூடல், குடகனாற்றங்கரை. 1977 வெள்ளத்தில் சிதைந்து மறுபடி எழுப்பிய கோயில். பரந்த வெளி, எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் போலத்தான் இருக்கும். ஓட்டுநர் இறங்கிப் போய்க் குதிகாலால் மண்ணை மிதித்துப் பார்த்தார். மேலே காய்ந்திருக்கிறது, அடியில் பொதபொத என்கிறது என்று ரோட்டை விட்டு இறக்க மறுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது முதலில் இறங்குகிறவர்களின் பைகளை டிக்கியில் கடைசியாக வைத்தோம். இரவு ஒன்பதே முக்காலுக்கு மாரியம்மன் கோயில் திடல், பத்துக்குப் பள்ளிக்கூட மைதானம். இரண்டு இடத்திலும் கார்கள் லைட்டைப் போட்டு வெளிச்சம் காட்டிக்கொண்டு காத்திருந்தன. பெரியத்தை இறங்கி, இரண்டு செருப்பும் காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். பட்டியலில் எண்பத்து நான்காவது பெயரை டிக் செய்தேன். பதினொன்றே காலுக்கு ஓட்டுநர் போன் செய்தார், வண்டியை ஷெட்டில் விட்டாச்சுங்க என்று. அப்புறம்தான் படுத்தேன்.