கிலுகிலுப்பை வேண்டாம்

"இவருக்கு ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துடுங்க, போதும்." மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து இசைக்கருவி வாசிக்கலாம் என்று கூடுகிற இடங்களில் எப்படியும் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் கூழாங்கல் போட்ட டப்பாவைக் கையில் திணித்து ஒருவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டால், அவர் ஆட்டினாலும் ஒன்றுதான், ஆட்டாவிட்டாலும் ஒன்றுதான். கருவி செய்ய உட்காரும்போது நான் முதலில் யோசிப்பது ஒன்றே ஒன்று: இவர் இன்றைக்கு வராவிட்டால் பாட்டில் ஏதாவது குறையுமா?

எங்கள் குழுவில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு அண்ணன் இருக்கிறார். இடது முழங்கையை மட்டும்தான் அவரால் நினைத்தபடி அசைக்க முடியும். அதுவும் நினைப்புக்கும் அசைவுக்கும் நடுவே நேரம் பிடிக்கும். அவருக்காக ஒரு நெம்புகோல் செய்தேன். முழங்கைக்குக் கீழே ஒட்டுப்பலகைத் துண்டு, அதன் நடுவில் கதவுக் கீல், மறுமுனையில் பஞ்சு சுற்றிய கட்டை. சைக்கிள் ட்யூபை நறுக்கிக் கட்டிய பட்டை ஒன்று கட்டையைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். முழங்கையை அழுத்தினால் கட்டை மேலே போகும். கையைத் தளர்த்தினால் 'தொம்' என்று கவிழ்த்துவைத்த தண்ணீர் டிரம் மேல் விழும். அழுத்துவதைவிடத் தளர்த்துவதில்தான் அவருக்கு நிதானம் அதிகம். அதனால்தான் அடி விழுவதைத் தளர்த்தலோடு சேர்த்தேன்.

சரி, தாளம்? அவர் நம் வேகத்துக்கு ஓடி வர வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம். அவர் டிரம்மில் விழுகிற அடிதான் சமம், அதாவது தாளத்தின் முதல் அடி. அது விழுந்த பிறகுதான் அடுத்த ஆவர்த்தனம், அதாவது அடுத்த தாளச் சுற்று, தொடங்கும். அதுவரை மற்றவர்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் ஒரு பதற்றம் கூடும் பாருங்கள், சீராகத் தாளம் தட்டும் எந்த மெட்ரோனோம் கருவியாலும் அதைத் தர முடியாது. சில நாள் வேண்டுமென்றே நேரம் கடத்திவிட்டுச் சிரிப்பார் மனிதர்.

அடுத்து, குழாய்கள். 4 செ.மீ. விட்டமுள்ள பிவிசி குழாயை வெட்டி, அதன் திறந்த வாயில் ரப்பர் செருப்பால் தட்டினால் அருமையான சுரம் வரும். தட்டியவுடன் செருப்பை எடுத்துவிட வேண்டும், அப்படியே வைத்திருந்தால் ஒலி அமுங்கிவிடும். இரண்டு பக்கமும் திறந்த குழாயில் அலைநீளத்தில் பாதிதான் குழாயின் நீளம். வாய்க்கு வெளியேயும் காற்று கொஞ்சம் அதிர்வதால் அதிலிருந்து 2.4 செ.மீ. அளவுக்குக் கழிக்க வேண்டும். 262 ஹெர்ட்ஸை ஷட்ஜமாக, அதாவது 'ச'வாக வைத்தால் ச 63, ரி 56, க 49.5, ப 41.5, த 36.5 செ.மீ. என்று வரும். நான் எப்போதும் ஒரு செ.மீ. கூட விட்டே வெட்டுவேன். பிறகு கைப்பேசி ட்யூனரைப் பார்த்துக்கொண்டே உப்புத்தாளில் தேய்த்தால் சுருதி மெல்ல ஏறி வந்து நிற்கும். நீளமான குழாய்க்கு இடமில்லையா? ஒரு பக்கத்தை மூடிவிட்டால் கிட்டத்தட்டப் பாதி நீளத்திலேயே அதே சுரம் கிடைக்கும்.

மோகன ராகத்தின் இந்த ஐந்து சுரங்களை மட்டும் வைத்ததற்குக் காரணம் உண்டு. இவற்றில் எதை எதோடு சேர்த்துத் தட்டினாலும் காதில் உரசாது. புதிதாக வருகிறவர் முதல் நாளே எல்லாரோடும் சேர்ந்து வாசித்துவிடலாம். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பது என் பிடிவாதம். தப்பே வராத கருவியில் கொஞ்ச நாளில் அலுப்புத் தட்டிவிடும், யாராக இருந்தாலும்.

காது கேளாதவர்களுக்கு இசை எதற்கு என்று கேட்பவர்களிடம் எவலின் கிளென்னியைப் பற்றிச் சொல்வேன். ஸ்காட்லாந்தில் பிறந்த தாளக் கலைஞர். 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வை உடம்பில் வாங்கிக்கொள்வதற்காக வெறுங்காலோடு வாசிப்பார். எங்களிடம் வரும் காது கேளாத தம்பி ஒருவன் ஒட்டுப்பலகைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அதைத் தட்டுவான். பக்கத்தில் டிரம் விழுந்தால் அதுவும் பெட்டி வழியாக அவனுக்கு வந்து சேரும். கையில் ஊதிய பலூன் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், தாழ்ந்த சுரங்கள் விரல் நுனியில் நன்றாகத் தெரியும். சத்தம் தாங்காதவர்களும் வருவார்கள். அவர்களுக்குக் காதுமூடியும், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் திறந்த கதவும் போதும்.

மின்னணு வழிகளும் இருக்கின்றன. 2012-இல் எம்ஐடி மீடியா லேப் மாணவர்கள் இருவர் கொண்டுவந்த மேக்கி மேக்கி என்ற மின்சுற்றுப் பலகையைக் கணினியில் செருகினால், அதோடு கம்பியால் இணைத்த அலுமினியத் தாளைத் தொட்டாலே சுரம் ஒலிக்கும். விரலை லேசாக மட்டுமே நகர்த்த முடிகிறவர்களுக்கு அது பெரிய வரம். இருந்தாலும் எனக்கு மரமும் குழாயும்தான் பிடிக்கும். தொட்ட இடம் ஒன்று, சத்தம் வருகிற ஸ்பீக்கர் வேறு இடம் என்றால், யார் வாசித்தது என்று வாசித்தவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

சக்கர நாற்காலியில் வரும் அக்கா ஒருவர்தான் இப்போது குழாய்களுக்கு முதலாளி. குழாய்களின் வாய் அவர் மடிக்கு நேராக வரும்படி சாய்த்துச் சட்டத்தில் மாட்டியிருக்கிறேன். கீழே முழங்கால் நுழைய இடம் விட்டிருக்கிறேன். போன மாதம் அவர், "தம்பி, எனக்கு மத்திமம் வேணும்" என்றார். மோகனத்தில் இல்லாத 'ம' அது. "காந்தாரத்தோட சேர்ந்து அடிச்சா உரசுமே அக்கா" என்றேன். "எப்போ அடிக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். 46.5 செ.மீ.க்கு ஒரு குழாய் வெட்டி, தேய்த்து வைத்திருக்கிறேன். காந்தாரத்துக்கும் (க) பஞ்சமத்துக்கும் (ப) நடுவில்தான் மாட்ட வேண்டுமாம். தள்ளி எங்கேயாவது மாட்டினால் கழற்றிவிடுவேன் என்கிறார்.