ஷெட்டுப் பலகையில் இருந்த சொல்

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால் துவாக்குடி வரைக்கும் ஒரு சொல் கூடவே வரும். ஷெட்டு வாசலிலும் காம்பவுண்டுச் சுவரிலும் நீல எழுத்தில், சிவப்பு எழுத்தில்: ஃபேப்ரிகேஷன். 1960களில் பெல் கொதிகலன் தொழிற்சாலை வந்தபிறகு அதைச் சுற்றி முளைத்த பட்டறைகள் இவை. இரும்பை அளந்து, வெட்டி, வளைத்து, பொருத்தி, வெல்டு வைத்து ஒரு பொருளாக்கும் வேலைக்கு எங்கள் பக்கத்தில் வேறு பெயரே கிடையாது. வீட்டுக்கு கிரில் கேட் செய்கிறவரும் அதைத்தான் சொல்வார்.

டிப்ளமோ முடித்து அப்படி ஒரு பட்டறையில், செய்த பொருளின் தரத்தைச் சோதிக்கும் க்யூசி-யில் சேர்ந்தேன். எங்கள் ஜாப் கார்டில் 'ஃபேப்ரிகேட்டட் பை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கையெழுத்துப் போடும்போது மூத்த ஃபிட்டர்கள் கையைப் பேண்டில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பேனாவை வாங்குவார்கள். அந்தச் சொல் என்றாலே எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அதே சொல்லை வேறு இடத்தில் பார்த்தேன்.

51 மில்லிமீட்டர் கொதிகலன் குழாய்கள். வெல்டு வைத்த ஒவ்வொரு ஜாயிண்ட்டையும் ரேடியோகிராபி, அதாவது எக்ஸ்ரே மாதிரி உள்ளே ஊடுருவிப் படம், எடுக்க வேண்டும். எங்களிடம் அந்தக் கருவி இல்லை, வெளியிலிருந்து ஏஜென்சி வரும். ஐரிடியம்-192 கதிர்வீச்சு என்பதால் எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, சுற்றிலும் கயிறு கட்டி, ராத்திரியில்தான் எடுப்பார்கள். எந்த ஜாயிண்ட் என்று தெரிவதற்காக ஈயத்தில் செய்த சின்னச் சின்ன எண்களைக் குழாயின்மேல் ஒட்டுவார்கள். ஃபிலிமில் அவை வெள்ளையாக விழும்.

காலையில் கஸ்டமர் தரப்பிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். வயதானவர், அதிகம் பேசாதவர். வியூவரில் ஃபிலிம்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், 17-ம் எண்ணில் நிறுத்தி, ஏற்கெனவே பார்த்து ஒதுக்கிய 14-ஐத் திரும்ப எடுத்தார். "தம்பி, இங்க வாங்க." இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். நீள்வட்டமாகத் தெரிந்த வெல்டின் ஓரத்தில் மூன்று கரும்புள்ளிகள், எறும்பு வரிசை மாதிரி. அனுமதிக்கிற அளவுக்குள்தான் இருந்தன. ஆனால் இரண்டு ஃபிலிமிலும் அதே மூன்று புள்ளி, அதே இடைவெளி. வெல்டின் அலைமடிப்பும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தது. கைரேகை எப்படி இன்னொருவருக்கு அமையாதோ, வெல்டின் மடிப்பும் அப்படித்தான். ஈய எண் மட்டும் மாறியிருந்தது. ஒரே ஜாயிண்ட்டை ஏழு எண் போட்டு ஏழு தடவை எடுத்திருந்தார்கள்.

அவர் ரிப்போர்ட்டில் 'ஃபேப்ரிகேட்டட்' என்று எழுதினார். எனக்கு நிஜமாகவே புரியவில்லை. "சார், ஃபிலிமை எப்படி ஃபேப்ரிகேட் பண்ண முடியும்?" என்று கேட்டேன். "பண்ணியிருக்காங்களே தம்பி. ராத்திரி பூரா முழிச்சு வேலை பார்த்துத்தான் பண்ணியிருக்காங்க" என்றார்.

அன்று ராத்திரி அகராதியைப் புரட்டினேன். இல்லாததை இருப்பதுபோல் போலியாக உருவாக்குவதும் ஃபேப்ரிகேட்தான் என்று இருந்தது. லத்தீனில் ஃபேபர் என்றால் கைவினைஞன், கொல்லன். அவனுடைய பட்டறை ஃபேப்ரிகா. அங்கிருந்து வந்தது ஃபேப்ரிகேட். கள்ளக் கையெழுத்துக்குச் சொல்கிறோமே ஃபோர்ஜரி, அதன் ஃபோர்ஜும் அதே வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான். ஃபோர்ஜிங் என்று பெயர்ப்பலகை வைத்து, இரும்பைக் காய்ச்சி அடித்து உருக்கொடுக்கும் பட்டறைகளும் எங்கள் பக்கத்தில் உண்டு. மோசடியைக் குறிக்கிற இரண்டு சொல்லும் ஒரே உலைக்களத்தில் பிறந்தவை. தமிழும் அப்படித்தான் செய்திருக்கிறது. வீடும் கட்டுகிறோம், கதையும் கட்டுகிறோம். மாலை புனைவதும் பொய் புனைவதும் ஒரே வினை. தேரைச் சோடிப்பார்கள், கேஸையும் ஜோடிப்பார்கள். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 192-வது பிரிவு பொய்ச் சாட்சியத்தை உருவாக்குவது பற்றியது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 228. ஆங்கில மூலத்தில் இரண்டிலும் ஃபேப்ரிகேட் என்ற சொல்லே வருகிறது. கூடவே 'பொய்யான' என்ற அடைமொழியும் இருக்கிறது.

ஃபால்சிஃபை வேறு. இருப்பதைத் திருத்தினால் அது. அமெரிக்காவில் டகோமா நகரில் ஒரு வார்ப்பாலை, கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு எஃகு வார்த்துக் கொடுத்தது. அங்கே உலோகவியல் பிரிவுத் தலைவராக இருந்தவர், சோதனையில் தேறாத எஃகின் எண்களைத் தேறியதாக மாற்றி எழுதியிருக்கிறார். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, முப்பது வருடத்துக்கும் மேல். 2021-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2022-ல் இரண்டரை வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அங்கே சோதனை நடந்தது, எண் மாறியது. எங்கள் பட்டறையில் சோதனையே நடக்கவில்லை, அதன் ஃபிலிம் மட்டும் இருந்தது. இந்த வித்தியாசம் பிடிபட எனக்குச் சில வருடங்கள் ஆயின. இருப்பதைத் திருத்தினால் அடியில் எங்கோ உண்மை கிடக்கும், தோண்டினால் கிடைக்கும். ஃபேப்ரிகேட் செய்ததைத் தோண்டினால் ஒன்றும் கிடைக்காது. போய் மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மறுபடி எடுத்தோம். விட்டுப்போன ஆறில் இரண்டு ஜாயிண்ட்டில் ரூட், அதாவது வெல்டின் அடிப்பகுதி, சரியாக உருகி ஒட்டவில்லை. வெட்டி எடுத்துத் திரும்ப வெல்டு வைத்தார்கள். கொதிகலனில் அழுத்தம் ஏறியிருந்தால் அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் நின்றிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

படம் எடுத்த அண்ணன் பிற்பாடு ஒருநாள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "மேல இருந்த ஜாயிண்ட்டுக்கு சாரம் கட்டல தம்பி. மழை வேற. விடிஞ்சா லாரி வந்துடும்னு சொன்னாங்க. நான் என்ன பண்றது?" அவர்மேல் எனக்குக் கோபமும் இருந்தது, வருத்தமும் இருந்தது. சாரம் கட்டிக்கொடுக்க வேண்டியது எங்கள் பட்டறை. அவசரப்படுத்தியதும் எங்கள் ஆட்கள்தான். ரிப்போர்ட்டில் அதெல்லாம் வரவில்லை, அவர் வேலை மட்டும் போனது. அந்த ஏழு ஃபிலிமிலும் ஈய எண்கள் ஒரு மில்லிமீட்டர்கூடச் சாயாமல் நேராக நின்றன. கைத்தொழில் தெரிந்த ஆள். அந்தக் கை அந்த வேலைக்குப் போயிருக்கக் கூடாது.

இன்றைக்கு ரிப்போர்ட் எழுதுவது நான். அந்தச் சொல்லை அதில் எழுதுவதில்லை. "17-ம் ஜாயிண்ட் படம் எடுக்கப்படவில்லை. 14-ம் ஜாயிண்ட்டின் படம் 17 என்று கொடுக்கப்பட்டுள்ளது. சாரம் இல்லை" என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஃபேப்ரிகேட்டட் என்பது ஜாப் கார்டில், ஃபிட்டர் கையெழுத்துப் போடும் கட்டத்துக்கு மேலே இருக்கிறது.