தூரமானியின் கதிர் எங்கே விழுகிறது: மூன்று கருவிகள், ஒரு ஃபோம் பன்றி

பெங்களூருவின் கனகபுரா சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் நண்பரின் மாந்தோப்பில், சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, 38 மீட்டரில் வில் பயிற்சி இலக்காக நிற்கும் ஃபோம் பன்றியின் தோள்பட்டையில் மூன்று அம்புகளை உள்ளங்கை அகலத்துக்குள் இறக்கினேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு அதே இடத்தில் நின்று விட்ட அம்பு பன்றியின் வயிற்றுக்கடியில் புகுந்து, பின்னாலிருந்த கருங்கல்லில் மோதி நொறுங்கியது. இலக்கு எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று லேசர் கதிரால் அளந்து சொல்லும் என் தூரமானி அன்று காட்டிய எண் 31.

கப்பிகள் பொருத்திய என் காம்பவுண்டு வில் நொடிக்கு 270 அடி வேகத்தில் அம்பை விடுகிறது. காற்றுத்தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், 38 மீட்டர் இலக்கை 31 என்று நம்பி எய்பவரின் அம்பு சுமார் 19 சென்டிமீட்டர் தாழ்ந்து போகும். மார்பின் கீழ்ப்பகுதியைக் குறிவைத்திருந்த எனக்கு அந்தப் பத்தொன்பதே போதுமானதாக இருந்தது. தோட்டக் காவலர் கிருஷ்ணகிரிக்காரர், உடைந்த தண்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து, "என்ன சார், இன்னைக்கும் பன்னி தப்பிச்சிருச்சா?" என்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தத் தூரமானி, கோல்ஃப் ஆட்டத்தைக் கைவிட்ட அலுவலக நண்பர் ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கியது. மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் ஓர் அடிப்படை வேறுபாட்டைக் கவனிக்கத் தவறிவிட்டேன். கோல்ஃப் ஆடுபவருக்குக் கொடிக்கம்பத்தின் தூரம் வேண்டும், அதற்குப் பின்னால் நிற்கும் மரங்களின் தூரம் வேண்டாம். ஆகவே அவருக்கான கருவி, திரும்பிவரும் எதிரொளிகளில் மிக அருகிலிருந்து வந்ததையே தேர்ந்தெடுக்கும். வேட்டைக்கென்று செய்யப்படும் கருவிகளில் பலவற்றுக்கு இதற்கு நேர்மாறான வழக்கம் உண்டு: முன்னால் இருக்கும் புல்லையும் கிளையையும் தள்ளிவிட்டு, கடைசி எதிரொளியை எடுத்துக்கொள்ளும். என் பன்றிக்கு முன்னால் ஏழு மீட்டர் தள்ளி ஓர் உண்ணிச்செடிப் புதர் இருக்கிறது. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நம் நாட்டில் வில்வேட்டை என்ற பொழுதுபோக்குக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் தோப்புக்குள் ஃபோம் விலங்குகளை நிறுத்தி எய்யும் நமக்குப் பொருத்தமான கருவிகள் பெரும்பாலும் அமெரிக்க மான் வேட்டைக்காரரை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன என்பதால், அவருடைய தேவையையும் நம்முடைய தேவையையும் பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடப்படும் 1000 கெஜம், 1500 கெஜம் ஆகியவற்றுக்கு நாம் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கத் தேவையில்லை. 60 மீட்டருக்கு மேல் நம்மில் யார் எய்யப் போகிறோம்?

சாய்வான தூரத்தைக் கிடைத்தூரமாக மாற்றித்தரும் சரிவுக் கணக்கிலும் இந்தத் தேவை வேறுபாடு உண்டு. மரத்தில் 6 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருப்பவருக்கு 20 மீட்டர் தள்ளி நிற்கும் மான், கண்ணுக்கு நேரான கோட்டில் 20.9 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அந்த ஒரு மீட்டருக்குள்ளான வேறுபாட்டுக்காக அவர் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ராமநகரத்துப் பக்கப் பாறைச் சரிவுகளைப் போன்ற நிலத்தில் 30 பாகைச் சாய்வில் 40 மீட்டர் எய்பவருக்கோ, அம்பின் வீழ்ச்சியைத் தீர்மானிக்கும் கிடைத்தூரம் 34.6 மீட்டர்தான், 40 என்று நினைத்து எய்தால் அம்பு சுமார் 15 சென்டிமீட்டர் மேலே போகும். ஆகவே இந்த வசதி நமக்குத்தான் கூடுதலாகப் பயன்படுகிறது. புஷ்னல் இதை ஏஆர்சி என்கிறது, வோர்டெக்ஸ் எச்சிடி என்கிறது, நிக்கான் ஐடி என்கிறது. வில்லின் தூரத்துக்கு எல்லாவற்றின் அடியிலும் இருப்பது பள்ளிக்கூடத்துக் கோசைன்தான்.

இனி நான் மூன்று ஞாயிறுகளைச் செலவழித்த விஷயத்துக்கு வருகிறேன். தூரமானிக்குள் பார்க்கும்போது தெரியும் குறிவட்டத்தின் நடுவில் இருக்கும் இடத்தில்தான் லேசர் கதிர் விழுகிறது என்று நாம் அனைவரும் நம்புகிறோம். அதைச் சோதிக்க, கருவியைக் கேமரா முக்காலியில் இறுகக் கட்டி, 35 மீட்டரில் தனியாக நிற்கும் தென்னையை நோக்கி வைத்தேன். அதன் பின்னால் கேழ்வரகு வயலும் நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு வரப்பும் மட்டுமே இருக்கின்றன. குறிவட்டத்தை இடப்புறத்திலிருந்து மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒருமுறை பொத்தானை அழுத்தினால், எண் நூற்றுக்கு மேலிருந்து 35க்குத் தாவும் இடமே கதிரின் ஓரம். வலப்புறத்திலிருந்தும் அவ்வாறே செய்து, பிறகு மேல்கீழ் அளவுக்குப் பம்புசெட்டு அறையின் கூரை விளிம்பைப் பயன்படுத்திக்கொண்டேன். முக்காலி இல்லாமல் இதைச் செய்ய முயன்று முதல் ஞாயிற்றை முழுதாக வீணடித்தேன். ஆறு மடங்கு பெருக்கத்தில் கையின் நடுக்கமும் ஆறு மடங்காகிவிடுகிறது.

கோல்ஃப் கருவியின் கதிர் குறிவட்டத்தின் கீழ்விளிம்புக்கும் வெளியே, சற்று வலப்புறமாக விழுந்துகொண்டிருந்தது. பன்றியின் தோளில் வட்டத்தை வைத்தபோதெல்லாம் அது உண்மையில் புதரின் உச்சியைத்தான் அளந்திருக்கிறது. தெரிந்த பிறகு, வட்டத்தைப் பன்றியின் முதுகுக்கு மேல் தூக்கிவைத்தால் 38 சரியாக வருகிறது! குறை தெரிந்த கருவியை வைத்துக் காலம் தள்ளலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன், ஆனால் எய்யும் பதற்றத்தில் இந்தத் திருத்தம் நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாவது கருவி ஓர் இணையக் கடையில் வாங்கியது. கதிர் நடுவில் விழுந்தது; கடைசி எதிரொளி வசதியும் இருந்தது. ஆனால் அதன் எண்கள் கறுப்புத் திரவப்படிகத் திரையில் வருவதால், மா மரத்து நிழலில் நிற்கும் கரும்பன்றியின் மேல் அவை கண்ணுக்கே தெரியவில்லை. பன்றிக்குப் பக்கத்து மண்ணில் எண்ணைத் தேட வேண்டியிருந்தது. பத்து நாள்களுக்குள் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதுதான் இப்போது கையில் இருப்பது. சிவப்பு ஒளி எண்கள், ஐந்து மடங்கு பெருக்கம், சரிவுத் திருத்தம், நடுவில் விழும் கதிர். அளவு நாடா வைத்து 15 முதல் 45 மீட்டர் வரை ஐந்தைந்து மீட்டருக்கு அடித்த முளைகளில் எங்கும் அரை மீட்டருக்கு மேல் பிழை வரவில்லை. ஒளி ஒரு மீட்டர் போய்வர ஏழு நானோநொடிகூட ஆவதில்லை என்பதை நினைத்தால், அந்த அரை மீட்டரை மன்னிக்கத்தான் தோன்றுகிறது. இதிலும் குறை இல்லாமல் இல்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மீட்டரிலிருந்து கெஜத்துக்குத் தாவிவிடுகிறது. 40 என்று காட்டியதை நம்பி எய்த ஒரு காலையில், உண்மைத் தூரம் 36.6 மீட்டர் என்பதை மூன்றாவது அம்புக்குப் பிறகே உணர்ந்தேன். அதிகாலை மூடுபனியில் எந்தக் கருவியும் பனியையே அளந்து பத்து, பன்னிரண்டு என்று பிதற்றுகிறது. வெயில் ஏறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வோல்ட் சிஆர்2 வகை, அக்கம்பக்கத்துக் கடைகளில் கேட்டால் சிஆர்123ஐ எடுத்து நீட்டுகிறார்கள். அது தடிமனானது, உள்ளே போகாது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் மூன்றாவது கடையில் கிடைத்தது. தயாரிப்புத் தேதியைப் பார்த்து நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்து, தூரம் குறிக்கப்படாத இலக்குகளில் பழக வேண்டும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பு திறந்த இயற்கை நிலத்தில் நடத்தும் ஃபீல்டு போட்டிகளில் தூரமானிக்கு அனுமதி இல்லை. காம்பவுண்டு வில்லுக்கு அங்கே தூரம் குறிக்கப்படாத இலக்குகளில் 55 மீட்டர் வரை கண்ணாலேயே கணிக்க வேண்டும். ஆகவே முதலில் கணித்து நோட்டில் எழுதிவிட்டு, பிறகே பொத்தானை அழுத்துவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். திறந்த வெளியில் என் கணிப்பு குறைவாகவும், மர நிழலுக்குள் கூடுதலாகவும் வருகிறது.

அதற்குள் சைட் டேப்பை, அதாவது வில்லின் குறிபார்ப்பானில் ஒவ்வொரு தூரத்துக்கும் அடையாளமிடும் பட்டையை, முடித்திருக்க வேண்டும். 45 மீட்டரோடு அது நிற்கிறது. 50க்கும் 55க்கும் முளை அடித்தாகிவிட்டது, ஆனால் ஒரே எடையில் மிஞ்சியிருக்கும் அம்புகள் நான்குதான். புதிய தண்டுகளுக்குச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.